வீட்டுப் படத்தில் யார் ஊர் மரம்?

உதியன்குளங்கரையிலிருந்து பாறசாலைக்கு வரும் வழியில், வீட்டு வேலை நடக்கிற ஏதாவது ஒரு விளையின், அதாவது தோட்டமனையின், முன்னால் நின்று பாருங்கள். இரண்டு கமுகந்தடியில் இழுத்துக் கட்டிய பிளெக்ஸில் வரப்போகும் வீட்டின் த்ரீடி படம் இருக்கும். வெள்ளைச் சுவர், சாம்பல் நிறப் பட்டை, கண்ணாடிக் கைப்பிடி. வீட்டுக்குப் பின்னால் ஊசியிலை மரங்கள், அதற்கும் பின்னால் பனி மூடிய மலை, முன்னால் வேலியே இல்லாத புல்வெளி. பிளெக்ஸுக்கு மேலே தலையைத் தூக்கினால் உண்மையான விளை தெரியும். எட்டுத் தென்னை, ஒரு அயினி, சக்கை காய்த்துக் கிடக்கும் பிலா, பக்கத்து விளையின் ரப்பர், சரிவின் கீழே ஏலா என்னும் வயல்வெளி. படம் செய்தவர் இந்த விளையில் கால் வைத்ததில்லை என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

கம்ப்யூட்டரில் கட்டிய வீட்டை இயற்கைக் காட்சிக்குள் நிறுத்துவதை எங்கள் பக்கத்தில் பலரும் கடைசி நேர ஒப்பனை வேலையாகவே நினைக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணம் மாறி வெகுநாளாயிற்று. ஒரு வீடு எப்படி இருக்கும் என்பதில் பாதி, அது எந்த மண்ணில், எந்த வெயிலில், எந்த மரத்தடியில் நிற்கிறது என்பதில் இருக்கிறது. அந்தப் பாதியைப் பொய்யாக வைத்துவிட்டு மற்றப் பாதியை எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும் படம் பொய்தான். அந்தப் படத்தை நம்பித்தான் ஆட்கள் மரம் வெட்டுகிறார்கள், சரிவை மண் அடித்து நிரத்துகிறார்கள், வளைகுடாவில் பத்து வருஷம் உழைத்த காசைக் கொட்டுகிறார்கள். இதைச் சரியாகச் செய்ய இன்று கைவசம் என்ன வழிகள் உள்ளன, அவற்றில் எவை எங்கள் எல்லை ஊர்களுக்கு ஒத்துவரும் என்பதைப் பார்க்கலாம்.

முதலில் நிலத்தைச் சொல்லிவிட வேண்டும். மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது நெய்யாற்றின்கரை வட்டத்தையும் சேர்த்துத்தான் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு இன்றைய தமிழ்நாட்டுக்கு வந்தது, பாறசாலை உள்ள நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது, களியக்காவிளையில் எல்லை விழுந்தது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அமைப்புதான்: செம்மண் மேடு, மேட்டில் விளையும் வீடும், தாழ்வில் ஏலா, ஏலாவின் நடுவே தோடு என்னும் ஓடை. மேற்கே பத்து கிலோமீட்டருக்குள் பொழியூர்க் கடல். வடகிழக்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளி அகத்தியமலை. அங்கே பிறக்கும் நெய்யாறு 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாரில் கடலில் சேர்கிறது.

அந்த மலையை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அகத்தியமலையின் உயரம் 1,868 மீட்டர். பாறசாலையிலிருந்து பார்த்தால் அது அடிவானத்துக்கு மேலே மூன்று டிகிரிக்குச் சற்று அதிகமாக எழும்பும். கையை நீட்டி இரண்டு விரலைப் படுக்கையாகப் பிடித்தால் அதற்குள் மலை அடங்கிவிடும். அதுவும் மழை விட்ட காலையில், தென்னைகள் வழிவிட்டால். கூரைக்கு மேல் வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிற மலை எங்கள் ஊரில் எந்த மொட்டைமாடியிலிருந்தும் தெரியாது. பிளெக்ஸில் மட்டும் தெரிகிறது.

கட்டடத்தைக் காட்சிக்குள் வைக்கும் கலை கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் தெற்கே இறங்கி வந்து வரைந்தார்கள். கேமரா அப்ஸ்குரா என்ற இருட்டுப் பெட்டி வழியாகக் காட்சியைத் தாளில் விழவைத்துக் கோடு பிடித்தார்கள். 1795 முதல் 1808 வரை வெளியான அவர்களுடைய 'ஓரியண்டல் சீனரி' தொகுப்பின் 144 படங்களில் பாபநாசம் அருவியும் இருக்கிறது, களக்காட்டுப் பக்கத்திலிருந்து பார்த்த தென்கோடி மலைகளும் இருக்கின்றன. எங்கள் நெய்யாறு மேற்கே இறங்கும் அதே அகத்தியமலைத் தொடரின் கிழக்குமுகம் அது. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஹம்ப்ரி ரெப்டன் தோட்டம் அமைத்துக்கொடுக்கும் தொழிலில் இருந்தார். வரப்போகும் காட்சியை நீர்வண்ணத்தில் வரைந்து, அதன்மேல் இப்போதுள்ள காட்சியைக் காட்டும் ஒரு காகித மடிப்பை ஒட்டுவார். மடிப்பைத் தூக்கினால் வரப்போகும் காட்சி. இன்றைய முன்-பின் படங்களுக்கு அதுவே தாத்தா. ரெப்டன் தாள் எடுப்பதற்கு முன் அந்த இடத்துக்கே போனார் என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

நமக்கு இன்னும் நெருங்கிய பாடம் இலங்கையில் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகத்து வரைபடங்களை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். லக்கி சேனநாயக்க போன்றவர்களின் கையில் அந்த வரைபடங்களில் மரம் வெறும் பச்சை உருண்டையாக நிற்பதில்லை. இந்த மரம் அரளி, இந்த மரம் பலா என்று சொல்லிவிடலாம். கிளை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே வரைந்திருப்பார்கள். 1994-இல் முடிந்த கண்டலம ஹோட்டல் பாறையை ஒட்டிக் காட்டுக்குள் மறைந்து நிற்பதற்கும், மரத்தை அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் தொடர்பு இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. நெய்யாற்றின்கரையிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், திருவனந்தபுரம் உள்ளூரில், லாரி பேக்கர் 1970-களில் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. மரம் குறுக்கே வந்தால் சுவர் வளைந்து போகும், மரம் நிற்கும். அப்படிக் கட்ட வேண்டுமானால் மரம் முதல் கோட்டிலேயே தாளில் இருந்தாக வேண்டும்.

இனி கம்ப்யூட்டருக்குள் வருவோம். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, மரம், பறவை முதலியவற்றைக் கருப்பொருள் என்று வைக்கிறது. கம்ப்யூட்டரில் படம் உருவாக்கும் ரெண்டர் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வரிசையை எந்தச் சாப்ட்வேர் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை. நிலம் பிழைத்தால் வீடு மிதக்கும், பொழுது பிழைத்தால் வீடு ஒட்டாது, கரு பிழைத்தால் வீடு வேறு ஊருக்குப் போய்விடும்.

நிலத்துக்கு இலவசமாகக் கிடைப்பது செயற்கைக்கோள் உயரத் தரவு. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு 30 மீட்டருக்கு ஒரு புள்ளி தரும். இஸ்ரோ 2005-இல் ஏவிய கார்ட்டோசாட்-1 எடுத்த படங்களிலிருந்தும் உயர வரைபடம் உண்டு. தூரத்து மலைக்கு இவை போதும். வீட்டு மனைக்கு உதவாது. 30-க்கு 30 என்றால் 900 சதுர மீட்டர், அதாவது 22 சென்ட். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீடு வைக்கிற பத்து சென்ட் ஒரு புள்ளியில் பாதியைக்கூட நிறைக்காது. போதாததற்கு, ரேடார் அளப்பது மண்ணை மட்டுமல்ல, அடர்ந்த மரங்களின் தலையையும் சேர்த்துத்தான். தென்னந்தோப்பு இருக்கிற இடம் மேடாகத் தெரியும். மனையின் சரிவுக்கு லெவல் டியூப்பும் டேப்பும்தான் கதி. ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் ஒன்றரை மீட்டர் இறக்கம் என்று தெரிந்துவிட்டால், முன்னால் சமமான புல்வெளி போடக் கை வராது. அங்கே வெட்டுக்கல் கையாலை வரும், படி வரும், மழைத்தண்ணீர் போக வழி வரும். படத்திலேயே அந்தச் செலவு தெரிந்துவிடும்.

பொழுதில்தான் நான் பார்த்த படங்களில் முக்கால்வாசி தடுமாறுகின்றன. 1998-இல் பால் டெபவெக் ஒரு வழி காட்டினார்: ஓர் இடத்தின் முழு வானத்தையும் வெளிச்ச அளவோடு படமெடுத்து, அந்த வானத்தைக் கொண்டே கம்ப்யூட்டர் பொருளுக்கு ஒளி கொடுப்பது. அதற்காகப் பளபளக்கும் உலோகக் குண்டைப் படமெடுத்தார்கள். அதன் வழிவந்ததுதான் இன்று எல்லோரும் போடுகிற எச்டிஆர்ஐ வானம். பிளெண்டரில் ஒரு கோப்பைச் சேர்த்தால் வீடு உடனே உயிர் பெற்றுவிடும். பிளெண்டர் 2002 முதல் திறந்த மென்பொருள். பாலி ஹேவன் போன்ற தளங்களில் வானமும் இலவசம். சிறு ஊரில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் அந்த வானங்களில் பெரும்பாலானவை தூர தேசத்தில் எடுத்தவை. அங்கே சூரியன் தாழ்ந்து நிற்கும். நாம் அதைப் பாறசாலை வீட்டின்மேல் கவிழ்த்துவிடுகிறோம்.

எங்கள் அட்சரேகை வடக்கே ஏறத்தாழ 8.3 டிகிரி. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். ஜூன் 21 அன்று உச்சிவேளையில் 75 டிகிரி உயரத்தில், வடக்கே. பத்து மீட்டர் உயரமுள்ள வீட்டின் நிழல் அப்போது தெற்குப் பக்கம் இரண்டேமுக்கால் மீட்டர்தான் விழும். டிசம்பர் 21 அன்று சூரியன் தெற்கே 58 டிகிரியில் நிற்க, அதே வீட்டின் நிழல் வடக்குப் பக்கம் ஆறு மீட்டருக்குச் சற்று மேல் நீளும். கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும்போது எங்களுக்கு உச்சி ஆகியிருக்காது. சராசரியாக இன்னும் இருபது நிமிடம் கழியவேண்டும். படத்துக்கு அழகு தரும் நீண்ட சாய்ந்த நிழல் சூரியன் 30 டிகிரியில் நிற்கும்போது கிடைப்பது. மார்ச் மாதத்தில் அது காலை எட்டரைக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் மட்டும். வடக்குப் பார்த்த சிட் அவுட்டில் வெயிலே விழாது என்று நம்பிக் கட்டியவருக்கு மே மாத நடுப்பகலில் வெயில் படியேறி வருவது ஏன் என்று இப்போது புரியும்.

மழையும் பொழுதுதான். ஜூன் முதல் வாரத்தில் இடவப்பாதி, அக்டோபர் தொடங்கித் துலாவர்ஷம், இரண்டும் எங்களுக்கு உண்டு. திருவனந்தபுரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் பெய்கிறது. அந்த மாதங்களில் வானம் வெள்ளைத் துணி விரித்ததுபோல் கிடக்கும், நிழல் கறுக்காது, ஈரமான செம்மண் கறுத்துச் சிவக்கும். நான் ஒரு வீட்டுக்கு இரண்டு படமாவது கொடுக்கிறேன்: ஒன்று வெயிலில், ஒன்று மூடின வானத்தில். மூடின வானத்தில் நன்றாக இருக்கிற வீடு எந்த நாளும் நன்றாக இருக்கும்.

செம்மண்ணைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒளி தரையில் பட்டுச் சுவருக்குத் தாவும். 1980-களில் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கணக்கில் கொண்டுவந்த பிறகுதான் கம்ப்யூட்டர் படங்களுக்கு மெய்த்தன்மை வந்தது. பச்சைப் புல் வைத்தால் வெள்ளைச் சுவரின் அடிப்பாகம் பச்சை தட்டும், எங்கள் முற்றத்து மண் வைத்தால் இளஞ்சிவப்புத் தட்டும். அதே பெயிண்ட், இரண்டு நிறம். வீட்டுக்காரர் படத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்த வெள்ளை, கட்டி முடித்ததும் வேறாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான். முதல் மழையில் கூரைத்தண்ணீர் மண்ணில் அடித்துச் சுவரில் தெறிக்கும் செவப்புக் கறை மற்றொன்று. அந்தக் கறையை நான் படத்தில் போட ஆரம்பித்தபின், அடிச்சுவருக்கு வெட்டுக்கல் பதிக்கக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.

கருவுக்கு வந்தால், மரம்தான் முதல் பெரும் சோதனை. 1968-இல் அரிஸ்டிட் லிண்டன்மையர் என்ற உயிரியலாளர் செடி வளர்வதை எழுத்துவிதிகளாக எழுதினார். 1990-இல் புருசின்கீவிச்சோடு சேர்ந்து அவர் எழுதிய புத்தகம் வந்தபின், கம்ப்யூட்டரில் மரம் 'வளர்ப்பது' தொழிலாகிவிட்டது. ஸ்பீட்ட்ரீ போன்ற மென்பொருள்கள் அந்தப் பாதையில் வந்தவை. 2010-இல் வந்த லூமியன் என்ற மென்பொருள் மரங்களைக் கொட்டிவைத்துக்கொண்டு நொடியில் படம் காட்டியது. எங்கள் பக்கத்து டிசைன் கடைகளில் அது பரவியதற்கு அந்த வேகமே காரணம். அதில் தென்னையும் உண்டு, வாழையும் உண்டு. அயினியைத் தேடினால் கைவிரிக்கும்.

இருக்கிற தென்னையும் கடற்கரை ஹோட்டல் தென்னை. எங்கள் தென்னையை ஒரு நாள் காலையில் அருகே நின்று பார்த்து எழுதிவைத்தேன். அடியில் பருத்து, இரண்டாள் உயரத்தில் ஒடுங்கி, வெளிச்சம் தேடி வீட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து, மேலே போய் நிமிர்கிறது. தடியில் ஓலை விழுந்த வளையத் தழும்புகள். ஏறுவதற்கு வெட்டிய படிகள், தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் தொடங்குகின்றன. வடக்கே பாசி. மண்டையில் முப்பது ஓலை இருந்தால் அதில் மூன்று காய்ந்து தொங்குகிறது. ஓர் ஓலையில் இருநூறுக்குக் குறையாத கீற்று. கீற்று ஒன்றுக்குப் பத்து முக்கோணம் என்று வைத்தாலே ஒரு மரத்துக்கு 60,000 முக்கோணம், ஏக்கருக்கு 70 தென்னை என்றால் 42 லட்சம். சாதாரணக் கம்ப்யூட்டர் திணறிவிடும். அதற்கு ஒரே மரத்தை நினைவில் வைத்து, அதையே பல இடத்தில் காட்டும் உத்தி உண்டு. ஐந்து வகைத் தென்னை செய்து, திருப்பி, சாய்த்து, உயரம் மாற்றி நட்டால் தோப்பு தோப்பாகவே தெரியும். ஐந்துக்குக் குறைந்தால் கண் கண்டுபிடித்துவிடும்.

வாழைக்கு இலையின் ஊடொளி முக்கியம். காலை வெயிலுக்கு எதிரே நின்றால் ஏத்தன் இலை விளக்குப் போட்டதுபோல் ஒளிரும். இலையைக் கெட்டி அட்டையாகச் செய்தால் அடிப்பக்கம் கறுத்துக் கிடக்கும். பொழியூர்ப் பக்கம் கடற்காற்று இலையை நார்நாராகக் கிழித்துவிடும், நெய்யாற்றங்கரை மறைவில் இலை முழுசாக நிற்கும். ஒரே வாழை, பத்து கிலோமீட்டருக்குள் இரண்டு உருவம். பாறசாலைப் பக்கத்துப் பனையையும் விட்டுவிடக் கூடாது. பனை நின்றால் அது எங்கள் ஊர் என்று குழந்தைகூடச் சொல்லும்.

இத்தனையும் செய்து பார்த்தபின் எனக்கு ஒத்துவந்திருப்பது பழைய வழியோடு ஒட்டிய ஒன்று: மனையிலேயே எடுத்த புகைப்படத்துக்குள் வீட்டை வைப்பது. வீட்டுக்குக் குற்றி அடித்து நூல் கட்டிய அன்று போகவேண்டும். நூலின் மூலைகள் படத்தில் தெரிய வேண்டும், ஒரு மூலையில் இரண்டு மீட்டர் கம்பை நட்டு நிறுத்தவேண்டும். போனைக் கண் உயரத்தில், சாய்க்காமல் பிடிக்கவேண்டும். போனின் அகலக் கோண லென்ஸைத் தொடக்கூடாது, அதில் ஓரத்துத் தென்னைகள் வெளியே விழும். பிரிட்டனில் இத்தகைய காட்சிப் படங்களுக்கு 2019-இல் அங்குள்ள நிலத்தோற்றக் கலைஞர்களின் கழகம் கொடுத்த வழிகாட்டி, முழு அளவுக் கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸையே பரிந்துரைக்கிறது. எடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டால் சூரியனை அதே இடத்தில் வைக்கலாம். நூலின் இணைகோடுகளைக் கொண்டு மென்பொருள் கேமரா நின்ற இடத்தைக் கண்டுபிடித்துவிடும். கம்பு இரண்டு மீட்டர் என்பதால் வீட்டின் அளவு பிசகாது. மீதி வேலை, வீட்டுக்கு முன்னால் நிற்கும் மரத்தை வெட்டியெடுத்து மறுபடி முன்னால் ஒட்டுவது. தென்னங்கீற்றின் விளிம்பில் வானத்தின் வெள்ளை ஒட்டிக்கொண்டு வரும். அதைத் துடைக்க ஒரு பகல் போகும். போகட்டும்.

புதிய வழிகளும் வந்துகொண்டிருக்கின்றன. மனையைச் சுற்றி நடந்து எடுத்த நூறு படங்களிலிருந்து இடத்தையே மீட்டெடுக்கும் முறை 2023-இல் பிரான்ஸின் இன்ரியா ஆய்வகத்தார் வெளியிட்ட காசியன் ஸ்ப்ளாட்டிங்கால் வேகம் பிடித்துவிட்டது. இதே வேலைக்கு முன்பு பயன்பட்ட போட்டோகிராமெட்ரிக்குத் தென்னை ஓலை எப்போதும் கட்டியாகத்தான் வரும். இதில் ஓலை ஓலையாக வருகிறது. காற்றில் ஆடினால் மட்டும் புகைந்துபோகிறது. செயற்கை நுண்ணறிவுக்கு "கேரள வீடு" என்று சொன்னால் காயலும் படகும் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. பாறசாலைக்காரருக்குக் காயல் எதற்கு?

ஒரு பிலாவைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவருக்குப் படம் செய்தேன். மேற்குப் பக்கம் பெரிய பிலா. திரையைப் பார்த்துவிட்டு அவர், "அந்தப் பிலா வீட்ட மறைக்கில்லா, அத எடுத்துரு மக்கா" என்றார். ஒரு சொடுக்கில் எடுத்துவிட்டேன். வீடு பளிச்சென்று தெரிந்தது, அவருக்குச் சந்தோஷம். இரண்டு மாதம் கழித்து மனைக்குப் போனபோது அங்கே வெட்டிய அடிமரம்தான் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "படத்துல இல்லல்லா மக்கா" என்றார். இன்று அந்த மேற்கு அறையில் மாலை மூன்று மணிக்குமேல் யாரும் உட்கார முடிவதில்லை. அந்தச் சொடுக்கு என்னுடையது.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலா இருக்கிறது. எதிரிகள் துரத்தியபோது மார்த்தாண்டவர்மா அதன் பொந்துக்குள் ஒளிந்து பிழைத்தார் என்பது ஊர் அறிந்த கதை. மரம் பட்டுப்போன பின்னும் அடிமரத்தைத் தொல்லியல் துறை காக்கிறது. கோயிலைப் படமெடுப்பவர்கள் பிலாவையும் சேர்த்தே எடுக்கிறார்கள். எங்கள் விளைகளில் நிற்கும் பிலாவுக்கு அந்த வாய்ப்பை நாங்கள்தான் கொடுக்க வேண்டும், படத்தில்.

சட்டமும் இந்த விஷயத்தை ஓரளவு தொடுகிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டி நட்டமடைந்தவருக்கு இழப்பீடு உண்டு என்கிறது. அடுக்குமாடித் திட்டங்களுக்குப் பயன்படும். பத்து சென்ட்டில் தனக்கென்று வீடு கட்டுபவரை அது எட்டாது. கேரளத்தின் 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் ஏலாவை நிரத்துவதைத் தடுக்கிறது. ஆனாலும் எத்தனையோ படங்களில் வீட்டுக்குப் பின்னால் ஏலா இருக்க வேண்டிய இடத்தில் புல்தரையும் கார் நிறுத்துமிடமும் இருக்கின்றன. படத்தில் ஒருமுறை நிரந்துவிட்ட ஏலாவைக் கண் வயலாகப் பார்க்க மறுக்கிறது. ஆகவே நான் ஏலாவை ஏலாவாகவே வைக்கிறேன், மழைக்காலப் படத்தில் தண்ணீர் தேங்க வைக்கிறேன்.

இன்னும் தீராத ஒன்று பக்கத்து விளை. அங்கே நிற்கும் ரப்பர் வீட்டுக்காரருடையது அல்ல. பால் வற்றியதும் வெட்டிவிடுவார்கள், அதற்குப் பிறகு அங்கே ஒரு மதில் வரலாம், இரண்டு மாடி வரலாம். இன்று இருக்கிற மரத்தைக் காட்டுவதா, நாளை வரக்கூடிய மதிலைக் காட்டுவதா என்று பலமுறை குழம்பியிருக்கிறேன். இப்போதைக்கு மரத்தை வைத்துவிட்டு, படத்தின் கீழ்மூலையில் தெளிவான எழுத்தில் எழுதிக்கொடுக்கிறேன்: மனையில் படமெடுத்தது மார்ச் 14, காலை 8.20, கிழக்கு நோக்கி. வடக்கே தெரியும் ரப்பர் பக்கத்து விளையினுடையது.